பக்கத்தின் அடியில் என் பெயர்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு மாலை, வாழவந்திக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று பக்கத்தில் நின்றிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"நாலே முக்காலுக்குன்னு போன செவ்வாக்கெழம கண்டக்டர் சொன்னாருங்க" என்றார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு யாரும் சொல்லலீங்களே."

மற்றவர்களாக இருந்தால் "நாலே முக்கால்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பஸ் வராவிட்டால் கவர்ன்மென்டைத் திட்டுவார்கள். இவர் நேரத்தோடு சேர்த்து யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று இரண்டையும் கையில் கொடுக்கிறார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இப்படியே எழுதுகிற ஒருவரை ஏழெட்டு மாதமாக எனக்குத் தெரியும். முகம்தான் தெரியாது. எதிரே நின்றவருக்கு ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், மழையே இல்லாத நாளிலும் கையில் குடை. நான் நினைத்து வைத்திருந்த ஆள் கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான, ரிடையர் ஆன ஆடிட்டர் மாதிரி ஒருவர். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"நீங்க அந்த உதவிப் பக்கத்துக்கெல்லாம் தலைவரி பாக்கறவங்கதானே?"

குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "யாருங்க சொன்னாங்க?" என்றார்.

அப்படித்தான் எங்கள் அறிமுகம். பஸ் அன்றைக்கு ஐந்தே காலுக்கு வந்தது. அதை அவர் ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அவர் பார்த்த வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. கடிதம் எழுத, அட்டவணை போட என்று காசு கொடுக்காமல் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிற ஒரு மென்பொருள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. அதற்குள்ளேயே உதவிப் பக்கங்கள் உண்டு. விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள F1 பொத்தானை அழுத்தினால், எதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கும். இன்டர்நெட் தேவையில்லை. அந்தப் பக்கங்களைத் தமிழில் எழுத நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு இறங்கி, ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஏறுகிறவன். மிச்ச நேரத்தில் இது.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் உண்டு. தலைப்பு, ஒருவரிச் சுருக்கம், தேடுவதற்கான சொற்கள், எழுதியவர், எந்தப் பதிப்புக்கு எழுதியது, சரிபார்த்தவர், சரிபார்த்த நாள். மெட்டாடேட்டா என்பார்கள். எங்கள் குழுவில் தலைவரி. அதில் சரிபார்த்தவர் பெயரும் நாளும் மட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தெரியும். எழுதியவரே தன் பக்கத்தைச் சரிபார்க்கக் கூடாது என்பது விதி. வேறொருவர் புதுப் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் சொன்ன ஒவ்வொன்றையும் தன் கையால் செய்து பார்த்துவிட்டு, சரி என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காத பக்கம் புதுப் பதிப்பில் சேராது. பக்கம் எழுதச் சொன்னால் எல்லோரும் வருவார்கள். தலைவரியை யாரும் சீந்தமாட்டார்கள். அவர் ஒருவர்தான் வாழவந்தியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை பக்கங்களின் தலைவரியையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய முதல் பக்கத்துக்கு அவரிடமிருந்து வந்த குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். "இந்தப் பொத்தான் வலது பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்ததா, யாராவது சொன்னதா? என்றைக்கு?" எனக்குக் கோபமான கோபம். என்னை என்ன, பொய்சாட்சி சொல்ல வந்தவன் என்று நினைத்தாரா? குழுவில் எல்லோருக்கும் அவர்மேல் இந்த மனத்தாங்கல் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "இந்தம்மாவுக்குப் பெத்த புள்ள மேலயே சந்தேகம் வரும்போல" என்று எனக்குத் தனியாக எழுதினார்.

அது தப்புக் கணக்கு என்று அந்தம்மாவின் கணவர் சொன்ன கதையில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். ஊட்டுக்காரர் களத்தில் மிளகைக் கிளறிவிட்டபடி சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போனப்ப எங்க மாமா, பையன் குடிக்க மாட்டான்னு சொன்னாருங்க. உள்ள இருந்து இவ வந்து, 'யாருங்க பாத்துச் சொன்னீங்க?'ன்னு நேராக் கேட்டுட்டா. எல்லாருக்கும் மூஞ்சி செத்துப் போச்சு. மாமா, 'நாந்தான் கண்ணு, நான் பாத்துத்தான் சொல்றேன்'னாரு. 'செரிங்க'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அதோட கல்யாணம் முடிவாயிருச்சு."

"அப்புறம்?"

அவர் உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "அப்ப நான் நல்லாவே குடிச்சிட்டிருந்தேனுங்க. மாமாவே என்கூடத்தான் குடிப்பாரு. ஆனா இவ ஒருநாள்கூட என் வாயை மோந்து பாக்கல, சட்டப் பையைத் தொடல. மாமா சொல்லிட்டாரு, அவ்வளவுதான். மூணு மாசம் பாத்தேன். என்னால முடியல. குடியவே விட்டுட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்பதோடு சரி. பதில் வந்துவிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "பார்த்தது நான், நேற்று" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார். சோதனை போட மாட்டார், இன்னொருவரிடம் விசாரிக்க மாட்டார். சமையலறை டப்பாக்களில்கூடச் சீட்டு ஒட்டியிருந்தது. 'கொள்ளு. கொட்டச்சேடு சித்தி கொடுத்தது. கல் பொறுக்கியாச்சு என்று சொன்னார்.' அந்தக் கொள்ளை அவர் மறுபடி பொறுக்காமல் அப்படியே வேகப்போடுவார். ஒருமுறை அந்தக் கொள்ளு ரசத்தைச் சாப்பிட்டுப் பல்லில் கல் பட்டு நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். "சித்தி கல்லு பொறுக்கிட்டேன்னு சொன்னாங்களே" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கல் என் வாயில் எப்படி வந்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. எனக்கு அவரைப் புரியவில்லை. ஒரு மனுஷி எல்லோரிடமும் இவ்வளவு கேள்வி கேட்பதும், எல்லோரையும் இவ்வளவு நம்புவதும் எப்படி ஒரே உடம்புக்குள் இருக்க முடியும்?

இத்தனை பாடும் யாருக்காக என்று கேட்டால், பெரிய காரணம் எதுவும் சொல்ல மாட்டார். அவருடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த தோழி ஒருத்தி, மலைமேல் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தார். தற்காலிக வேலை. ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் இந்த மென்பொருள். நெட் இல்லை. உதவிப் பொத்தானை அழுத்தினால் இங்கிலீஷில் வரும். கிளார்க் அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும், அதற்கு மேல் வராது. ஏதாவது சிக்கினால் வாழவந்திக்குப் போன் போடுவார். வாழவந்தியில் சிக்னல் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த ஒருத்திக்காக நானூறு பக்கம்.

தேடு சொற்களுக்காக என்னையும் ஒருநாள் அந்தப் பள்ளி ஆபீசுக்குக் கூட்டிப்போனார். டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு தோழியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"ஏன்டி, அடிச்ச ஃபைலு காணாமப் போயிருச்சுன்னா என்னன்னு தேடுவ?"

"தேட மாட்டேன்டி. அழுவேன்."

"அழறதுக்கு முன்னாடி என்ன சொல்லுவ?"

"ஐயோ போச்சே, கர்த்தாவேன்னு சொல்லுவேன்."

அந்தப் பக்கத்தின் தேடு சொற்களில் 'கோப்பு மீட்பு' என்பதற்குப் பக்கத்தில் 'ஐயோ போச்சே' என்று இப்போதும் இருக்கிறது. கர்த்தரை மட்டும் நான் பேசித் தடுத்தேன்.

இரண்டு வருடத்தில் புதுப் பதிப்பு வந்தது. அதில் தமிழ் உதவியைச் சேர்க்க வேண்டுமென்றால், குறித்த நாளுக்குள் பக்கங்கள் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அவர் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார். எனக்கு முப்பது. நான் நாலு பக்கம் பார்த்தேன். அப்புறம் கம்பெனியில் வேலை கழுத்தை நெரித்தது. மீதி விட்டுப்போகும், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு அதையும் மறந்தேன்.

பதிப்பு வெளிவந்ததும் அவரே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய்த் தோழியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். பொத்தானை அழுத்தியதும் தமிழில் வந்ததைப் பார்த்துக் கிளார்க் அம்மா கையைத் தட்டினாராம். அதை எனக்குப் போனில் சொல்லும்போது இவர் குரலில் இருந்த சந்தோஷம் வேறெந்த நாளும் நான் கேட்காதது.

ஆண்டுப் பரீட்சை முடிந்த மார்க் சமயத்தில்தான் அது நடந்தது. அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, மார்க்கெல்லாம் போயிருச்சுங்க."

"எந்த மார்க்கு?"

"ஆறாங் கிளாஸுல இருந்து ஒம்பதாங் கிளாஸு வரைக்கும், வருசம் பூராவும் போட்டு வெச்சது. நம்ம உதவிப் பக்கத்துல சொன்ன மாதிரியேதான் அவ செஞ்சிருக்காளுங்க."

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபீசில் கிளார்க் அம்மா அழுது முடித்து முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியை நடத்தும் சிஸ்டரிடம் மார்க் பட்டியல் போய்ச் சேர வேண்டும். அந்த வருடம் அவர் வேலையை நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் மொத்தமாகத் தொலைத்துவிட்டேன் என்று போய் நின்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஏதோ ஒரு வரிசையைக் கை தவறி அழித்திருக்கிறார். பழைய நகலை எடுத்துப் பார்ப்பது எப்படி என்று உதவியைத் திறந்திருக்கிறார். தமிழ்ப் பக்கம் வந்திருக்கிறது. நாலாவது வரியில், 'மீட்டெடு என்பதை அழுத்துங்கள், இப்போதுள்ள கோப்புக்கு ஒன்றும் ஆகாது' என்று இருந்தது. பழைய பதிப்பில் ஆகாது. நகல் தனியாகத் திறக்கும். புதுப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள். அழுத்தினால் நகல், இருக்கிற கோப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். அந்த நகலோ போன வருடத்தது. யாராவது ஒருமுறை, ஒரே ஒருமுறை செய்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

திரையில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. நான் கீழே தள்ளினேன். அடியில் பொடி எழுத்தில், சரிபார்த்தவர் என்று என் பெயர்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் இந்தப் பக்கத்தப் பாக்கவே இல்லீங்களே! எம்பேர யாரு போட்டது?" என்று சத்தமாகவே கேட்டேன்.

கிளார்க் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தோழியைப் பார்த்தார். "பேரெல்லாம் நீதானடி போடுவ?"

"ஆமா. நாந்தான் போட்டேன்" என்றார் அவர்.

ஏன், எப்படி, எதனால், எதுவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஏழு விவரம் சொல்கிறவர், தன் தலை உருள்கிற இடத்தில் மூன்று வார்த்தையோடு நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பார்க்காத ஒரு நாளைப் போடக்கூடச் சம்மதிக்காதவர், பார்க்காத ஆளின் பெயரைத் துணிந்து போட்டிருக்கிறார். நாள் நெருங்கிவிட்டதே என்று செய்துவிட்டாரா? அப்படிச் செய்கிற ஆளா?

"உன்ன நம்பித்தான அழுத்துனேன்" என்றார் கிளார்க் அம்மா. அதன் பிறகு அவரிடம் நேராகப் பேசவில்லை.

காகிதத்தில் மார்க் ரிஜிஸ்டர்கள் இருந்தன. அதை வைத்து எல்லாவற்றையும் திரும்ப அடிப்பது என்று முடிவானது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். அவர் காலை பஸ்ஸுக்கு வாழவந்தியிலிருந்து வந்துவிடுவார். நானும் நாலு நாள் லீவு சொல்லிவிட்டேன். வெளியே எல்லோரும் மே மாதத்துக்கு மலர்க்காட்சி உண்டா என்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். கிளார்க் அம்மா எனக்குத்தான் சொல்வார். "அவங்கள ஏழாங் கிளாஸ எடுக்கச் சொல்லுங்க." இருபத்தைந்து வருடமாக 'வாடி, போடி' என்று இருந்தவர், 'அவங்க' என்று மரியாதை கொடுத்ததும் இவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, "ரோல் நம்பர் ஒண்ணு" என்று ஆரம்பித்தார்.

எனக்கு நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனாலும் ஏதோ அரித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அவர் செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். நாங்களெல்லாம் 'திருத்தம்' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போவோம். அவர் எழுதியிருந்தது இது.

'முப்பது பக்கங்கள். திங்கள், மாலை ஆறு மணி. போனில் சொன்னார். சேலத்திலிருந்து ஏறும் பஸ்ஸில் இருந்தார். எல்லாம் பாத்தாச்சு என்றார். எல்லாமுங்களா என்று கேட்டேன். எல்லாம்தான் என்றார்.'

படித்ததும் அந்தப் பஸ் எனக்கு ஞாபகம் வந்தது. முன் சீட்டில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசி வளைவு வந்தால் சிக்னல் போய்விடும், அதற்குள் பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது. என்ன கேட்டாலும் ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் இதுவும் ஒன்று. சொன்னதாகவே நான் பிறகு நினைக்கவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருப்பேன்!

அந்தக் குறிப்புக்கு மேலே, அன்று காலை தேதியில் இன்னொன்று இருந்தது. அத்தனை பக்கங்களையும், என் முப்பதை மட்டுமல்ல, நானூறையும், 'சரிபார்க்கவில்லை' என்று அவர் மாற்றிவிட்டிருந்தார். இரண்டு வருடமாக ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போட்ட பெயர்கள் எல்லாம் போயிருந்தன. காரணம் என்ற இடத்தில், 'இதெல்லாம் நான் எழுதிக்கொண்டது. நான் எழுதிக்கொள்வதில் தப்பு இருக்கிறது' என்று இருந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த பதிப்பில் தமிழ் உதவி வரவில்லை. அவர் அந்த வேலைக்குத் திரும்பவும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்தான் இப்போது தலைவரி பார்க்கிறார். அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

மறுநாள் காலை அவர் வந்து குடையை மூலையில் சாத்தியதும், கிளார்க் அம்மாவையும் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அம்மணி, அன்னிக்கு நான் கத்துனப்ப, 'நீங்கதான போன்ல சொன்னீங்க'ன்னு ஏன் சொல்லலீங்க?"

"பாக்கவே இல்லீன்னு சொன்னீங்களேண்ணா" என்றார்.

"சொன்னேன். ஆனா நீங்க எழுதி வெச்சிருக்கீங்களே."

"அதாங்க எனக்கும் நொம்பக் கொழப்பமாப் போச்சு. நீங்க பாக்கலீன்னா பாக்கலைதான். அப்ப வேற யாரோ சொன்னத நான் உங்க பேருல எழுதிட்டேன் போல. ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கறேன், யாருன்னே தெரியலீங்க. இதுவே இப்புடின்னா, மத்ததெல்லாம் எப்புடி எழுதியிருக்கேனோ."

எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன். நாற்பது வயதில் ஒருவன் இதைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

"நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பஸ்ஸுல இருந்து பேசுனது நாந்தான். பாக்காமயே பாத்தாச்சுன்னு சொன்னேன். பொய் சொன்னேனுங்க."

கிளார்க் அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முழுதாக நம்பிவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏன்டி, இத ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?" என்று அவர் தோளில் அடித்தார், அடித்துவிட்டு அங்கேயே கையை வைத்துக்கொண்டு அழுதார்.

இவர் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்களுக்குள்ள சண்டை வந்துருச்சேன்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களாண்ணா?"

"இல்லீங்க, நெசமாலுமே." நான் போனை எடுத்து அவருடைய குறிப்பையே அவரிடம் காட்டினேன். "பாருங்க, நேரம், பஸ்ஸு, எல்லாம் இருக்குது."

அவர் அதைப் பொறுமையாகக் கடைசி வரை படித்தார். "இது நான் எழுதுனதுதானுங்களே" என்றார். "இதையே வெச்சு எப்புடிங்க இது சரின்னு சொல்றது?"

"நான் சொல்றேனுங்க. நானே சொல்றேன், இன்னிக்கு, இப்ப சொல்றேன். பொய் சொன்னது நாந்தான்."

அதை அவர் டைரியில் எழுதிக்கொள்ளவில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்பி எழுதிக்கொள்கிறவர், நான் சொன்னதிலேயே உண்மையான இந்த ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. தோழியின் கையை மெதுவாக விலக்கிவிட்டு ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க போயிப் பொய் சொல்லுவீங்களாண்ணா? உக்காருங்க. நாளைக்குள்ள முடிக்கோணும்."

நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். கண்ணுக்கு எதிரே இருந்த கட்டங்கள் கலங்கித் தெரிந்தன. அவர் விட்ட இடத்தில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

"ஒம்பதாங் கிளாஸு. ரோல் நம்பர் பதினேழு. தமிழ் அறுவத்தி ரெண்டு, இங்கிலீசு நாப்பத்தி ஒம்போது, கணக்கு எழுவத்தி ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "அடிச்சாச்சுங்களா?"

"அடிச்சாச்சு" என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் அப்போதுதான் அந்த அறுபத்திரண்டை அடிக்க ஆரம்பித்திருந்தேன்.